ஏறாத வாகனம்

அவர்ட பேரைச் சொல்ல மாட்டன். சொன்னா அவர்ட மகள்ட காதுக்குப் போயிரும். மகளுக்கு ஒரு விசயம் தெரியவே கூடாது எண்டுதான் அந்த மனிசன் கடைசிக் காலத்துல அவ்வளவு பாடுபட்டார். என்னை விட மூத்தவர், நான் காக்கா எண்டுதான் கூப்பிடுறது, எங்கட பேச்சுல அண்ணனுக்குச் சொல்றது. இங்கயும் காக்கா எண்டே வெச்சுக்கொள்ளுவம்.

கல்முனைப் பக்கம் எங்கட ஒழுங்கைகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ரெண்டு மோட்டார் சைக்கிள் எதிரெதிரா வந்தா ஒண்டு மதிலோட ஒட்டி நிக்கணும். அந்த ஒழுங்கைக்குள்ள குடியிருந்துகொண்டு காக்கா ஒரு டபுள் கெப் வாங்கினார். மலை ஏறும், ஆறு கடக்கும், பாலைவனத்துல பறக்கும் எண்டு விளம்பரத்துல காட்டுற சாதி. அது எங்கட ஒழுங்கைக்குள்ள திரும்பல்ல. கண்ணாடியை மடக்கிப் பார்த்தார், பின்பக்கமா எடுத்துப் பார்த்தார், அஸர் தொழுகைக்குப் போற ஆக்கள் எல்லாம் நிண்டு வேடிக்கை பார்த்தாங்க. கடைசியா ஒழுங்கை வாயில, பள்ளி மதிலோரமா நிப்பாட்டினார். அண்டையில இருந்து அதுதான் அதுக்கு இடம்.

எனக்கு அந்த வாகனத்தைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். நான் வட்டைக்காரன். வட்டை எண்டு நாங்க சொல்றது வயல்வெளியை. என்ட வயல் நாவிதன்வெளிப் பக்கம். என்ட ஜீப் வாப்பா காலத்துச் சாமான். கண்ணாடி ஏறாது, ஹோன் அடிக்காது, ஆனா வரம்பைத் தாண்டு எண்டா தாண்டும். இப்ப வாற வாகனங்களுக்கு என்ன இருக்கு? பெரிய ரிம் போட்டு, அதைச் சுத்தி டயர் எண்டு பேருக்கு ஒரு ரப்பர். முன் பம்பர் தொங்குற தொங்கலுக்கு நாய் படுத்தாலும் இடிக்கும். ஏறி இறங்கப் பக்கத்துல ஒரு படி வெச்சிருக்கானுகள், வரம்புல முதல் அடிபடுறதே அந்தப் படிதான். உள்ளுக்க டீவி. மூஞ்சி மட்டும் புலி மூஞ்சி. பத்துல ஒம்பது வாகனம் தார் ரோட்டை விட்டு இறங்காமலே கிழடாகிப் போகுது. இதை நான் யாருட்டயும் சொல்லத் தயார், கேக்க ஆள் இல்லாட்டியும் சொல்லுவன்.

காக்கா வாங்கினதோட விட்டாரா? கூரைக்கு மேல கம்பி ராக்கை. பக்கவாட்டுல இழுத்து விரிக்கிற கூடாரத் துணி. முன்னால வரிசையா லைட்டு. இஞ்சின் மூச்சு விடுறதுக்கு கூரை வரைக்கும் கறுத்தக் குழாய் ஒண்டு, வெள்ளத்துக்குள்ள போறதுக்காம். அந்த வாகனம் கண்ட வெள்ளம் அவர் வாளியில கொண்டுவந்து ஊத்துற தண்ணி மட்டும்தான்.

தேத்தண்ணிக் கடையில வெச்சு ஆளைப் பிடிப்பன்.

"காக்கா, இது ஓடுறதுக்கா, போட்டோ எடுக்கிறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான் தம்பி."

"ஃபோர் வீல் இரிக்கா, இல்லாட்டி ஸ்டிக்கர் மட்டும்தானா?"

"பட்டன் ஒண்டு இரிக்கி. நான் இன்னும் தொடல்ல."

"ஒரு நாளைக்கு என்ட வட்டைக்குள்ள இறக்குங்களேன் பார்ப்பம்."

"சேறு படுமே தம்பி. கிடக்கட்டும்."

கடையே விழுந்து விழுந்து சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். கிடக்கட்டும் எண்டது அவர்ட வாயில எந்த நேரமும் உள்ள சொல். தேத்தண்ணி ஆறிப் போச்சா, கிடக்கட்டும். மழையில நனைஞ்சு போச்சா, கிடக்கட்டும். தன்னைப் பத்தி ஆக்கள் என்ன சொன்னாலும் கிடக்கட்டும்.

சிரிப்பை அவர் தன்ட பக்கம் இழுத்துக்கொள்ளுவார், அதுதான் காக்கா. ஒரு ஜும்ஆவுல நடந்ததைச் சொல்றன். எல்லாரும் தொழுகையில நிக்கிறம், ஒரு போன் அடிக்குது. சும்மா அடி இல்ல, சினிமாப் பாட்டு, அதுவும் குத்துப் பாட்டு. முடியிற வரைக்கும் அடிச்சுது. சலாம் குடுத்துத் தொழுகை முடிஞ்ச உடனே முழுப் பள்ளியும் கிறுகிப் பார்க்குது. எனக்கு முன் வரிசையில நிண்ட ஒரு இளம் வாத்தியார்ட முகம் சுண்டிப் போச்சு, அவர்ட சேட்டுப் பைக்குள்ள வெளிச்சம் தெரியுது. அதுக்குள்ள காக்கா எழும்பி, "மன்னிச்சுக்கொள்ளுங்க, என்ட போன்தான், வயசு போன காலத்துல பட்டன் தெரியுதில்ல" எண்டார். பெரியவங்க ஏசினாங்க, தலையைக் குனிஞ்சு கேட்டார். அவர்ட போன் அந்த நேரம் கடையில சார்ஜுல கிடந்தது. அதைச் சார்ஜுல போட்டதே நான்தான்.

"ஏன் காக்கா உங்களுக்கு இந்த வேலை?" எண்டு வெளியில வந்து பாய்ஞ்சன்.

"அந்தப் பொடியன் நாளைக்குப் புள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகணுமே தம்பி. எனக்கென்ன."

கலியாண வீட்டுலயும் இதே ஆள்தான். எங்கட விருந்துல சஹன் எண்ட பெரிய தட்டு ஒண்டைச் சுத்தி ஆறு பேர் இருந்து ஒண்டாச் சாப்பிடுறது. காக்கா எந்தச் சஹன்லயும் முதல்ல குந்த மாட்டார். எங்க ஒரு ஆள் குறையுதோ அங்க போய் நிரப்புவார். ஏழாவது ஆள் ஒருத்தன் வந்து நிண்டா, "நான் சாப்பிட்டுட்டன், நீங்க இரிங்க" எண்டு எழும்பிருவார். பிறகு தேத்தண்ணிக் கடையில பணிஸ் தின்னுகொண்டு இருக்கிறதைக் கண்டிருக்கன்.

ஆள் வாகனத்துல கெட்டிக்காரன் எண்டது எனக்கு ஒலுவில்லதான் தெரிய வந்தது. ஒரு பின்னேரம் ரெண்டு பேரும் மீன் வாங்கப் போனம். கடல் தின்ன கரையில, ஒரு மீன் லொறி மணலுக்குள்ள அச்சு வரைக்கும் இறங்கிக் கிடக்கு. பத்துப் பேர் தள்ளுறாங்க, லொறி இன்னும் புதையுது. காக்கா தன்ட டபுள் கெப்பைத் தார் ரோட்டுலயே விட்டுட்டு, சாரனை மடிச்சுக் கட்டிக்கொண்டு போனார். சில்லுகள்ல பாதிக் காத்தைத் திறந்து விட்டார். ட்ரைவரை இறக்கிட்டுத் தான் ஏறினார். சத்தம் போடாம, முன்னுக்கு ஒரு சொட்டு, பின்னுக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான், லொறி மேல வந்து நிண்டுது. சவூதியில எண்ணெய்க் கொம்பனிக்கு மணலுக்குள்ள வாகனம் ஓடினவர் எண்டு அண்டைக்குத்தான் சொன்னார். அதுவும் நான் நோண்டி நோண்டிக் கேட்டதுக்குப் பிறகு.

"அப்ப உங்கட வாகனத்தை ஏன் காக்கா தங்கம் மாதிரித் துடைச்சு வெச்சிருக்கீங்க?"

"கிடக்கட்டும் தம்பி, மீன் என்ன விலை?"

எங்கட பக்கத்து வழமை ஒண்டை இங்க சொல்லணும். இஞ்ச பொம்பிளைப் பிள்ளைக்கு ஊடு குடுத்துத்தான் கலியாணம். ஆம்பிளை பொம்பிளைட ஊட்டுக்கு வந்து இருக்கிறது. காக்காவும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனிசிட ஊட்டுக்கு வந்தவர்தான். சவூதியில உழைச்சு அந்த ஊட்டைப் பெருப்பிச்சார். ஒரே மகள். மகளுக்கு நிக்காஹ் நடந்தப்ப ஊடு மகள்ட பேருக்குப் போச்சு, மருமகன் வந்தார். மனிசி இருக்கிற வரைக்கும் அது ஒரு கதையே இல்ல. மனிசி எங்க பாய் விரிக்கிறாவோ அங்க புருசனுக்கும் இடம் இருக்கும். மனிசி மௌத்தானதுக்குப் பிறகுதான் காக்கா தான் எங்க இருக்கிறதெண்டு யோசிச்சிருப்பார் போல.

பேத்தி பெரிய பிள்ளையாகினாள். அவளுக்குக் கதவு உள்ள அறை வேணும். காக்கா தானாகவே கட்டிலை விட்டுக்கொடுத்துட்டு ஹோலுக்கு வந்தார். ஹோல்ல மருமகன்ட ஆக்கள் வந்து கதைச்சுக்கொண்டு இருப்பாங்க, பேத்தியும் கூட்டாளிமாரும் படிப்பாங்க. இவர் எழும்பி வெளியில வருவார். யாரும் அவரைப் போகச் சொல்லல்ல. அதை நான் அடிச்சுச் சொல்லுவன். மகள் தங்கமான பிள்ளை, மருமகன் மாமா மாமா எண்டுதான் நிப்பார். ஒருத்தர்லயும் பிழை இல்ல. பிழை சொல்ல ஒரு ஆள் இருந்தா எனக்கும் ஆத்திரம் ஆறி இருக்கும்.

ஆக்கள் ரெண்டாம் நிக்காஹ் பேசிப் பார்த்தாங்க. காணியோட, ஊட்டோட ஒரு விதவைப் பொம்பிளை. "ஒருத்திட ஊட்டுக்கு வந்தது போதும் தம்பி, இன்னொருத்திட வாசல்ல செருப்புக் கழட்ட ஏலா" எண்டார். தன்ட வாப்பா வழியில வந்த துண்டு வயலை வித்து அந்த வாகனத்தை வாங்கினது அதுக்குப் பிறகுதான். ஊர் எப்பிடிச் சிரிச்சிருக்கும் எண்டு பாருங்க. கிழவனுக்கு மனிசி வேணாமாம், டபுள் கெப் வேணுமாம்.

கொஞ்ச நாள்ல அந்த வாகனத்துக்குள்ளயே படுக்கத் தொடங்கினார். மகள்ட்ட சொன்ன காரணம், "கள்ளன் சில்லைக் கழட்டிருவான் மகள்." அதுக்கும் ஊர் சிரிச்சுது. வாகனத்துக்குக் காவல் கிடக்குது காக்கா எண்டு. நானும் சிரிச்சன்.

ஒரு நாள் சுபஹ் தொழுகைக்குக் கொஞ்சம் முந்திப் போனன். கூடாரத் துணியை விரிச்சு, அதுக்குக் கீழ பாயைப் போட்டிருக்கார். கூரை ராக்கையில தோய்ச்ச சாரன் காயுது. மூச்சுக் குழாய்ட கொளுக்கியில தொப்பியும் தஸ்பீஹ் மணியும் தொங்குது. வரிசை லைட்டுல ஒண்டை மட்டும் எரிய விட்டு, நான் திட்டித் திட்டி வாய் நொந்த அந்தப் பக்கப் படியில இருந்து குர்ஆன் ஓதிக்கொண்டு இருக்கார். என்னைக் கண்டதும் ஓதுறதை முடிச்சு, துண்டால படியைத் துடைச்சு விட்டார்.

"வாங்க தம்பி, இரிங்க. பிளேன்டீ ஊத்துறன்."

எத்தினை வருசப் பழக்கம், அந்த மனிசன் என்னை வாங்க, இரிங்க எண்டு ஒரு நாளும் சொன்னதில்ல. மகள்ட ஊட்டுக்கு நாங்க தேடிப் போனா, செருப்பை மாட்டிக்கொண்டு வெளிவாசல் கடப்படிக்கு வந்து நிண்டுதான் கதைப்பார்.

"காக்கா, கள்ளனுக்காகப் படுக்கல்ல நீங்க" எண்டன்.

அவர் போத்தல்ல இருந்து தேத்தண்ணியை ஊத்தினார். "பூட்டித் திறக்க என்ட கையில உள்ள துறப்பு இது ஒண்டுதான் தம்பி" எண்டார். பிறகு என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு, "மகளுக்கு இது விளங்கப்படா. விளங்கினா அழுவாள். ஊருக்கும் விளங்கப்படா, வாப்பாவ வெளிய போட்டுட்டாள் எண்டு கதை கட்டுவானுகள். கிழவனுக்கு வாகனப் பைத்தியம் எண்டு நினைக்கட்டும். நீங்க வழமை போல நக்கலடிங்க" எண்டார்.

அண்டைக்குப் பிறகு நான் கடையில இன்னும் உரத்து நக்கலடிச்சன். அவருக்கு வேணும் எண்டதுக்காக அடிச்சன்.

பெரும்போகம் விதைச்ச கையோட பள்ளி மதில் பக்கம் வடிகான் போட வந்தாங்க. வாகனத்தை எடுக்கச் சொன்னாங்க, மரியாதையாத்தான் சொன்னாங்க. வேற இடம் எங்க? ஊருக்குள்ள ஒரு வாகனம் நிக்கிற அளவு சும்மா கிடக்கிற நிலம் இல்ல. காக்கா என்ட்ட வந்தார்.

"உங்கட வாடிக்குப் பக்கத்துல கொஞ்ச நாளைக்கு விடலாமா தம்பி?"

வாடி எண்டது வட்டைக்குள்ள காவலுக்குப் போட்ட குடில். நான் வாயைத் திறக்க முதல், "இறங்காது எண்டு சொல்லப் போறீங்க, பார்ப்பமே" எண்டு சிரிச்சார்.

அடுத்த நாள் நல்ல மழை. வாய்க்கால் கட்டால வந்து, வாடிக்குப் பக்கத்துத் தரிசுத் துண்டுல இறக்கினார். பின் சில்லு ரெண்டும் சுத்திச் சுத்திப் பாதி வரைக்கும் புதைஞ்சுது. நான் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினை ஸ்டார்ட் பண்ணிக் கயித்தையும் கொண்டு ஓடினன்.

"விடுங்க தம்பி, கிடக்கட்டும். காய்ஞ்சா எடுப்பம்."

ஊர் முழுக்கச் செய்தி பரவிச்சு. பளபளா வாகனம் வட்டைக்குள்ள புதைஞ்சு போச்சாம், ஃபோர் வீல் ஒண்டுக்கும் உதவல்லையாம். படம் எடுக்கவே மோட்டார் சைக்கிள்ல பொடியன்மார் வந்தானுகள். காக்கா வாகனத்துக்கு முன்னால நிண்டு சிரிச்சுக்கொண்டு போஸ் குடுத்தார். மகள் போன்ல கத்துறது எனக்கும் கேட்டுது. "விட்டுட்டு வாங்க வாப்பா!" இவர் சொல்றார், "இவ்வளவு காசு குடுத்த வாகனத்தை யானைக்கு விட்டுட்டு வாறதா மகள்? காயட்டும், அதோட வாறன்."

மருமகன் நாள் தவறாமச் சோறு கொண்டுவந்து குடுப்பார். மழை விடல்ல, மண் காயல்ல. காக்கா வெள்ளாமைக்குத் தண்ணி பார்த்தார், பன்றிக்குச் சத்தம் போட்டார், கூடாரத் துணிக்குக் கீழ இருந்து கொக்குகளைப் பார்த்தார். வட்டைக்காரன் யார் போனாலும் "வாங்க, இரிங்க" எண்டு கூப்பிட்டுத் தேத்தண்ணி குடுத்தார். ஆள் அவ்வளவு நிம்மதியா இருந்து நான் கண்டதில்ல.

ஒரு நாள் எனக்குத் தட்டுப்பட்டது. மாட்டின வாகனம் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கும். இது மட்டமா நிக்குது. கதவு கிழக்கால, துணி வெயிலுக்கு மறைப்பா, தொழப் பாய் போடுற அளவுக்கு மேற்கால மேட்டு இடம்.

"காக்கா, அந்த ஃபோர் வீல் பட்டனைப் போட்டுப் பார்த்தீங்களா?"

"அது வேலை செய்யுதில்ல போல தம்பி."

ஒலுவில்ல லொறியை எடுத்த கை, என்ட முகத்தைப் பார்க்காமச் சீனிப் போத்தலைத் துடைச்சுக்கொண்டு இருந்தது. நானும் கிடக்கட்டும் எண்டு விட்டன்.

பிறகு ஊருக்கும் வட்டைக்கும் நடுவுல உள்ள கிட்டங்கிப் பாதையில வெள்ளம் ஏறிச்சு. நான் இந்தப் பக்கம் ஊர்ல, காக்கா அந்தப் பக்கம் வட்டையில. போன்ல சாடையா காய்ச்சல் எண்டார், தலையிடி எண்டார், மறுகா கிடக்கட்டும் எண்டார். தண்ணி வத்தி நான் ஜீப்போட போய்ச் சேர்ந்தப்ப கண் மஞ்சளாகி, கால் ஊண்ட ஏலாமக் கிடந்தார். எலிக்காய்ச்சல். ஆசுபத்திரியில கொஞ்ச நாள் வெச்சுட்டு, இனி ஊட்டுல வெச்சுப் பாருங்க எண்டாங்க. பேத்தி தன்ட அறையை விட்டுக்கொடுத்தாள், தன்ட தலையணையையும் குடுத்தாள். அந்த அறையிலதான் மௌத்தானார். மகள் பக்கத்துல இருந்து யாஸீன் ஓதினாள். அல்லாஹ் அந்த அளவுக்கு இரக்கம் காட்டினான்.

ஜனாஸா அடக்கி வந்து நிக்கிறன், மகள் கதவு மறைவுல நிண்டு விம்முறாள். அவளுக்கு நான் சாச்சா, வாப்பாட தம்பி முறை.

"சாச்சா, அந்தச் சனியன் வாகனம் மட்டும் ஏறி இருந்தா வாப்பா முந்தியே வந்திரிப்பார். ஊட்டுல இருந்திரிந்தா இந்தக் காய்ச்சல் வந்திரிக்குமா? வரத்தான் ஏலாமப் போச்சு அவருக்கு."



அடுத்த நாள் தனிய வட்டைக்குப் போனன். வாகனம் அப்பிடியே நிக்குது. பாயைச் சுருட்டி, தஸ்பீஹை எடுத்து, போத்தல்களை ஒரு பெட்டிக்குள்ள போட்டன். சீட்டுல ஏறி இருந்து, ஆசுபத்திரிக்குப் போன நாள்ல இருந்து என்ட கையில கிடந்த துறப்பைப் போட்டன். பட்டனைத் திருப்பினன். டிக் எண்டு ஒரு சத்தம், ஒரு பச்சை வெளிச்சம். மெல்லமா மிதிச்சன். வாகனம் ஒரு உலுக்கு உலுக்கிச்சு, நாலு சில்லும் மண்ணைப் பிடிச்சுது, சிணுங்காம ஏறி வாய்க்கால் கட்டுல வந்து நிண்டுது. என்ட ஜீப் கூட அப்பிடி ஏறாது. அந்த நல்ல வாகனத்துக்குள்ள இருந்து நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதன். வா எண்டு ஒரு விரலால திருப்பி இருந்தா வந்திருக்கும் காக்கா. உங்களுக்கு வர மனமில்ல.

கண்ணைத் துடைச்சுக்கொண்டு, பட்டனைத் திரும்ப அவர் விட்ட இடத்துக்கே திருப்பி, பின்பக்கமா அதே குழிக்குள்ள இறக்கினன். பின் சில்லு பாதி புதையிற வரைக்கும் மிதிச்சன்.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிஞ்ச கையோட மருமகன் வாகனத்தை எடுக்க வந்தார். அவர் ஏறி இருந்து, "சாச்சா, இந்தப் பட்டன் என்னத்துக்கு, இதைத் திருப்பிப் பார்க்கட்டா?" எண்டார்.

"அதைத் தொடாதீங்க மகன்!" எண்டு கத்தினன். "அது பழுது. உங்கட மாமா திருப்பித் திருப்பி அலுத்துப் போனவர். இறங்குங்க, நான் இழுக்கிறன்."

லேண்ட்மாஸ்டர்ல கயிறு கட்டினன். வட்டைக்கார ஆக்கள் நாலஞ்சு பேர் வந்து தள்ளினாங்க. நல்லா நேரம் எடுத்து, நல்லா சத்தம் போட்டு இழுத்தன். மருமகன் போனைக் காதுல இருந்து எடுத்து என்ட பக்கம் நீட்டினார், மகள் கேட்டுக்கொண்டு இருக்கிறாள். நான் கயித்தை விட்டுட்டு, அந்த வாகனத்துட பம்பர்ல ஒரு உதை விட்டன்.

"எத்தினை தரம் சொன்னன் இந்த மனிசனுக்கு! எல்லாம் வெளி மினுக்கம். இது ஏறாத வாகனம் மகள், யார் வந்திரிந்தாலும் ஏத்தி இருக்க ஏலாது."

மகள் போன்ல அழுதாள். பிறகு, "நீங்க அப்பவே சொன்னீங்கதான் சாச்சா, வாப்பாதான் கேக்கல்ல" எண்டாள்.

"ஓம் மகள், கேக்கல்ல" எண்டன்.